துணைமொத்தம் தவறான இடத்தில் வந்து உட்காருகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீளமான பட்டியல் ஒன்றை எக்செல்லில் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் கீழே ஒரு துணைமொத்தம் வேண்டும் என்று சப்டோட்டல் கட்டளையைக் கொடுக்கிறோம். வந்து விழுவது வேறு மாதிரி இருக்கிறது. ஒரே பிரிவுக்கு மூன்று மொத்தங்கள் வருகின்றன, பெரிய பிரிவின் மொத்தம் சிறிய பிரிவின் மொத்தத்துக்கு மேலே ஏறிக்கொள்கிறது, பெருமொத்தம் பட்டியலின் நடுவில் நிற்கிறது. இந்தக் கோளாறுகளைப் பற்றி அடிக்கடி வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானவை எக்செல்லைப் பற்றியவை. கடைசியில் லிப்ரேஆபிஸ், கூகுள் ஷீட்ஸ் பற்றியும் கொஞ்சம் உண்டு. வாய்பாடுகளையும் மெனுப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். செல்லில் அடிக்கும்போது வழக்கம்போல் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

ஒரே பிரிவுக்குப் பல இடங்களில் துணைமொத்தம் வருகிறதே, ஏன்?

சப்டோட்டல் கட்டளை வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். அது உங்கள் பட்டியலை முழுவதும் படித்துவிட்டுப் பிரிவுகளை அடையாளம் காண்பதில்லை. மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக இறங்கி வருகிறது. நீங்கள் சொன்ன நெடுவரிசையில் மதிப்பு மாறியதும் அந்த இடத்தில் ஒரு வரியைச் செருகி, அதுவரை வந்ததைக் கூட்டி எழுதுகிறது. உரையாடல் பெட்டியில் முதல் வரியே ‘அட் ஈச் சேஞ்ச் இன்’ என்றுதான் இருக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் என்றால் ஒவ்வொரு மாற்றத்திலும்தான்.

நான்கு வரிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்: கிழக்கு 120, கிழக்கு 80, மேற்கு 50, கிழக்கு 30. இதை அப்படியே கொடுத்தால் கிழக்கு 200, மேற்கு 50, கிழக்கு 30 என்று மூன்று துணைமொத்தங்கள் வரும். பெருமொத்தம் 280 என்று சரியாகவே இருக்கும். அதனால்தான் பலர் தவறைக் கவனிக்காமல் அறிக்கையை அனுப்பிவிடுகிறார்கள். கிழக்குக்கு 230 என்ற எண் ஷீட்டில் எங்குமே இருக்காது.

தீர்வு: பழைய துணைமொத்தங்களை அதே உரையாடல் பெட்டியில் உள்ள ‘ரிமூவ் ஆல்’ கொடுத்து நீக்குங்கள், எந்த நெடுவரிசையில் பிரிக்கப் போகிறீர்களோ அதன்படி வரிசைப்படுத்துங்கள், அப்புறம் மறுபடி சப்டோட்டல் கொடுங்கள்.

வரிசைப்படுத்திய பிறகும் ஒரே பெயர் இரண்டாகப் பிரிகிறது. என்ன செய்வது?

அந்தப் பெயர் உண்மையில் ஒரே பெயர் இல்லை என்று அர்த்தம். உங்கள் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிகிறது, மென்பொருளுக்கு இரண்டாகத் தெரிகிறது.

முதலில் சந்தேகப்பட வேண்டியது பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வெற்றிடம். பக்கத்தில் ஒரு காலி நெடுவரிசையில் =லென்(ஏ2) என்று போட்டுக் கீழ்வரை நிரப்பிப் பாருங்கள். ஒரே பெயருக்கு ஓரிடத்தில் 6, இன்னோரிடத்தில் 7 என்று வந்தால் திருடன் பிடிபட்டான். =ட்ரிம்(ஏ2) முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களை நீக்கும், நடுவில் இரட்டித்திருப்பதை ஒன்றாக்கும். ஆனால் இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய தரவில் 160 என்ற எண்ணுள்ள, உடையாத வெற்றிடம் இருக்கும். ட்ரிம் அதைத் தொடாது. அதற்கு =ட்ரிம்(சப்ஸ்டிட்யூட்(ஏ2, கேர்(160), " ")) என்று எழுத வேண்டும். கிடைத்த முடிவை நகலெடுத்து, பழைய நெடுவரிசையின் மேலேயே மதிப்புகளாக ஒட்டுங்கள்.

தமிழில் பெயர்கள் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். யூனிகோடில் ‘மொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ம என்ற எழுத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு வழி. எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொரு வழி. திரையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. லென் மட்டும் முதலாவதற்கு 2 என்றும் அடுத்ததற்கு 3 என்றும் சொல்லும். இரண்டு பேர் இரண்டு விசைப்பலகைகளில் அடித்த பட்டியல்களை ஒன்றாகச் சேர்க்கும்போது இப்படிக் கலந்துவிட வாய்ப்பு உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததும் யூனிகோடில் அடித்ததும் ஒரே நெடுவரிசையில் கலந்திருந்தால் இன்னும் சிக்கல். முதலில் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

எந்தப் பெயர் எத்தனை வடிவத்தில் இருக்கிறது என்று விரைவாகப் பார்க்க ஃபில்டர் அம்பை அழுத்தினால் போதும். பட்டியலில் ‘கிழக்கு’ இரண்டு முறை தெரிந்தால் எங்கே கைவைக்க வேண்டும் என்பது புரிந்துவிடும்.

மண்டலத்துக்கு ஒரு மொத்தம், அதற்குள் பொருளுக்கு ஒரு மொத்தம் கேட்டேன். மண்டலத்தின் மொத்தம் பொருளின் மொத்தத்துக்கு மேலே போய்விட்டதே?

இடம் மாறிய துணைமொத்தம் என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். அடுக்கடுக்காகத் துணைமொத்தம் போடும்போது வரிசை முக்கியம். பெரிய பிரிவை முதலில் போட வேண்டும், சிறியதை அப்புறம் போட வேண்டும். தலைகீழாகச் செய்தால், சிறிய பிரிவுக்காக ஏற்கெனவே செருகப்பட்ட வரிகளில் மண்டலத்தின் பெயர் காலியாக இருக்கும். அந்த நிலையில் மண்டலத்தின் முடிவு எது என்று எக்செல் தேடுவதால், மொத்தங்கள் முன்பின்னாக விழுகின்றன.

சரியான முறையை ஒரு தடவை முழுதாகப் பார்த்துவிடலாம். ஏ நெடுவரிசையில் மண்டலம், பியில் பொருள், சியில் தொகை. டேட்டா, சார்ட் போய் முதல் நிலையாக மண்டலம், இரண்டாம் நிலையாகப் பொருள் என்று கொடுங்கள். பிறகு டேட்டா, சப்டோட்டல். ‘அட் ஈச் சேஞ்ச் இன்’ இடத்தில் மண்டலம், ‘யூஸ் ஃபங்ஷன்’ இடத்தில் சம், கீழே தொகைக்கு டிக். ஓகே. இப்போது இடது ஓரத்தில் 1, 2, 3 என்று சிறிய பொத்தான்கள் தெரியும். மறுபடி சப்டோட்டல் திறந்து, இந்தத் தடவை பொருளைத் தேர்ந்தெடுங்கள். ‘ரீப்ளேஸ் கரண்ட் சப்டோட்டல்ஸ்’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். ஓகே கொடுத்ததும் பொத்தான்கள் 1, 2, 3, 4 ஆகும். 2ஐ அழுத்தினால் மண்டல மொத்தங்கள் மட்டும், 3ஐ அழுத்தினால் பொருள் மொத்தங்களும் சேர்ந்து தெரியும். ஒவ்வொரு மண்டலத்திலும் கடைசிப் பொருளின் மொத்தத்துக்கு அடுத்த வரியில் மண்டலத்தின் மொத்தம் இருக்கிறதா என்று 3ஆம் நிலையில் வைத்து ஓட்டமாகப் பார்த்துவிடுங்கள்.

அந்த டிக்கை எடுக்க மறந்தால் முதலில் போட்ட மண்டல மொத்தங்கள் மறைந்துவிடும். ‘என் முதல் மொத்தம் காணாமல் போய்விட்டது’ என்று வரும் கேள்விகள் எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஒரு டிக்தான்.

இரண்டு மண்டலங்களிலும் பென்சில் இருக்கிறது. இரண்டும் ஒன்றாகக் கூடிவிடுகிறது.

கிழக்கில் கடைசிப் பொருள் பென்சில், மேற்கில் முதல் பொருளும் பென்சில் என்றால் பொருள் நெடுவரிசையில் மதிப்பு மாறவே இல்லை. பொருளை வைத்து மட்டும் பிரித்தால் எல்லைக் கோட்டைத் தாண்டி இரண்டும் சேர்ந்துவிடும். முன்னே சொன்னபடி மண்டலத்தை முதலில் போட்டிருந்தால் நடுவில் மண்டலத்தின் மொத்த வரி வந்து இரண்டையும் பிரித்துவிடும். மண்டல மொத்தம் வேண்டாம், பொருள் மொத்தம் மட்டும் போதும் என்றால் ஓர் உதவி நெடுவரிசை சேர்த்து =ஏ2&"-"&பி2 என்று எழுதி அதை வைத்துப் பிரியுங்கள். ‘கிழக்கு-பென்சில்’, ‘மேற்கு-பென்சில்’ என்று தனித்தனியாக நிற்கும்.

துணைமொத்தம் பிரிவுக்கு மேலே வருகிறது. கீழே வர வேண்டும்.

சப்டோட்டல் பெட்டியில் ‘சம்மரி பிலோ டேட்டா’ என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு மறுபடி ஓகே கொடுங்கள். மேலே வேண்டும் என்பவர்கள் எடுத்துவிடலாம். ஆயிரக்கணக்கான வரிகள் உள்ள பட்டியலில் மேலே வைப்பது வசதி என்றுதான் நினைக்கிறேன், மொத்தத்தைப் பார்க்கக் கீழே ஓட வேண்டாம்.

பெருமொத்தம் பட்டியலின் நடுவிலேயே வந்துவிட்டது. அதற்குக் கீழே உள்ள வரிகள் சேரவில்லை.

நடுவில் முழுக்கக் காலியான ஒரு வரி இருக்கிறது. ஒரே ஒரு செல்லில் நின்றுகொண்டு கட்டளை கொடுத்தால், காலி வரி வரும்வரைதான் பட்டியல் என்று எக்செல் எடுத்துக்கொள்ளும். காலி வரியை நீக்குங்கள், அல்லது கட்டளைக்கு முன் தலைப்பு முதல் கடைசி வரி வரை நீங்களே தேர்ந்தெடுங்கள். நீக்குவதுதான் நல்லது. இன்றைக்குத் தேர்ந்தெடுத்துச் சமாளித்தாலும், நாளைக்கு ஃபில்டர் போடும்போது அதே காலி வரி மறுபடி தொல்லை கொடுக்கும்.

பட்டியலுக்குத் தலைப்பு வரி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் முதல் தரவு வரியையே எக்செல் தலைப்பாக எடுத்துக்கொண்டு கூட்டலில் விட்டுவிடும்.

செல்களை மெர்ஜ் செய்து வைத்திருக்கிறேன். அதனால் பிரச்சினையா?

ஆமாம், பெரிய பிரச்சினை. மெர்ஜ் செய்த செல்லில் மேல் இடது மூலையில் உள்ள செல்லுக்கு மட்டுமே மதிப்பு உண்டு; மற்றவை காலி. வரிசைப்படுத்தப் போனாலே எல்லா மெர்ஜ் செல்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று எக்செல் மறுத்துவிடும்.

மெர்ஜை நீக்குங்கள். அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து எஃப்5, ஸ்பெஷல், பிளாங்க்ஸ் கொடுங்கள். காலி செல்கள் மட்டும் தேர்வாகும். சமக்குறி அடித்து, மேல் அம்பு விசையை ஒருமுறை அழுத்தி, கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு என்டர். ஒவ்வொரு காலி செல்லிலும் மேலே உள்ள பெயர் வந்து நிரம்பும். இப்போது வரிசைப்படுத்திவிடாதீர்கள், அந்த நெடுவரிசையை நகலெடுத்து மதிப்புகளாக ஒட்டிய பிறகுதான் வரிசைப்படுத்த வேண்டும். இல்லையென்றால் ‘மேலே உள்ள செல்’ என்ற வாய்பாடு வேறொரு செல்லைக் காட்டத் தொடங்கி, பெயர்களே மாறிவிடும்.

தவறான இடத்தில் இருக்கும் மொத்த வரியை வெட்டிச் சரியான இடத்தில் ஒட்டினால் போதாதா?

செய்யாதீர்கள். வெட்டி ஒட்டும்போது வாய்பாடு பழைய வீச்சையே, அதாவது கூட்ட வேண்டிய பழைய செல்களையே, பிடித்துக்கொண்டிருக்கும். சி2 முதல் சி6 வரை கூட்டிய வரி, எங்கே கொண்டுபோய் வைத்தாலும் சி2 முதல் சி6 வரைதான் கூட்டும். பார்ப்பதற்குச் சரியான இடத்தில் தவறான எண் இருக்கும். தவறான இடத்தில் தவறான எண் இருப்பதைவிட இது ஆபத்தானது, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இடது ஓரத்தின் மடிப்புக் கோடுகளும் குழம்பிவிடும். எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத் தரவைச் சரிசெய்து மறுபடி போடுவதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

‘ரிமூவ் ஆல்’ கொடுத்தும் சில மொத்த வரிகள் போகவில்லை.

யாரோ கையால் எழுதிச் சேர்த்தவை, அல்லது வேறொரு ஷீட்டிலிருந்து மதிப்புகளாக ஒட்டப்பட்டவை அப்படி நிற்கும். வாய்பாடாக இருப்பவற்றைப் பிடிக்க கன்ட்ரோல்+எஃப் அழுத்தி, ஆங்கிலத்தில் சப்டோட்டல் என்பதையும் திறப்பு அடைப்புக்குறியையும் அடித்து, ‘லுக் இன்’ இடத்தில் ஃபார்முலாஸ் வைத்து, ‘ஃபைண்ட் ஆல்’ கொடுங்கள். கீழே பட்டியல் வந்ததும் கன்ட்ரோல்+ஏ அழுத்தினால் எல்லாம் தேர்வாகும். பெட்டியை மூடி, கன்ட்ரோலும் கழித்தல் குறியும் அழுத்தி, முழு வரியையும் நீக்கச் சொல்லுங்கள். தலைப்புக்கு மேலே நீங்களே எழுதி வைத்த மொத்தம் இருந்தால் அது தப்பித் தவறி இதில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்புகளாக இருப்பவற்றுக்கு ஃபில்டர்தான் வழி. ‘டோட்டல்’ என்று முடியும் பெயர்களை வடிகட்டி, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்த பிறகு நீக்குங்கள்.

சப்டோட்டல் கட்டளையே மங்கலாக இருக்கிறது.

உங்கள் பட்டியல் ‘டேபிள்’ ஆக மாற்றப்பட்டிருக்கும். டேபிளுக்குள் இந்தக் கட்டளை வேலை செய்யாது. டேபிள் டிசைன் போய் ‘கன்வர்ட் டு ரேஞ்ச்’ கொடுங்கள். டேபிள் இல்லையென்றால், ஒரே நேரத்தில் பல ஷீட்டுகள் தேர்வாகியிருக்கின்றனவா, ஷீட் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மொத்தம் இரட்டிப்பாக வருகிறது. சப்டோட்டல் வாய்பாட்டில் வரும் 9க்கும் 109க்கும் என்ன வித்தியாசம்?

இரட்டிப்பு வருவது சம்மையும் சப்டோட்டலையும் கலந்து போடுவதால். சப்டோட்டல் வாய்பாடு தன் வீச்சுக்குள் இருக்கும் மற்ற சப்டோட்டல் வாய்பாடுகளை விட்டுவிட்டுக் கூட்டும். சம் அப்படி விடாது; விவர வரிகளையும் துணைமொத்த வரிகளையும் சேர்த்தே கூட்டிவிடும். எனவே துணைமொத்தங்களைக் கையால் போடுவதானாலும் =சப்டோட்டல்(9, சி2:சி6) என்றே போடுங்கள், பெருமொத்தத்துக்கும் அதையே போடுங்கள்.

முதல் எண் எந்தக் கணக்கு என்பதைச் சொல்கிறது: 1 சராசரி, 2 எண்களை எண்ணுவது, 3 காலியல்லாத செல்களை எண்ணுவது, 4 பெருமம், 5 சிறுமம், 9 கூட்டல் என்று 11 வரை போகும். 101 முதல் 111 வரை உள்ளவை அதே கணக்குகள்தான், ஆனால் கையால் மறைத்த வரிகளையும் விட்டுவிடும். ஃபில்டரில் மறைந்த வரிகளை இரண்டு வகையுமே கூட்டாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இடது ஓரத்துக் கழித்தல் குறியை அழுத்திப் பிரிவை மடித்தால், உள்ளே இருக்கும் வரிகள் மறைக்கப்பட்ட வரிகளாகவே கணக்காகும். 109 போட்டிருந்தால், முழுப் பிரிவையும் மடித்ததும் அதன் மொத்தம் 0 ஆகிவிடும். மடித்துக் காட்டும் அறிக்கைக்கு எப்போதும் 9தான்.

தொகைகளில் ஏதாவது ஒரு செல்லில் பிழைச் செய்தி இருந்தால் மொத்தமும் பிழையாகும். எக்செல் 2010 முதல் உள்ள அக்ரிகேட் வாய்பாடு இதற்கு உதவும். =அக்ரிகேட்(9, 3, சி2:சி6) என்று எழுதினால் பிழைகளையும் மறைந்த வரிகளையும் உள்ளே இருக்கும் சப்டோட்டல்களையும் விட்டுவிட்டுக் கூட்டும். மறைந்த வரிகளை விடுகிறது என்பதால் மடிக்கும் அறிக்கையில் இதற்கும் 109இன் அதே குறை உண்டு.

துணைமொத்தம் 0 என்று வருகிறது, தொகைகள் இருக்கின்றனவே?

தொகைகள் எண்ணாக இல்லை, எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றன. செல்லின் இடது பக்கம் ஒட்டி நிற்பது ஓர் அடையாளம். நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா, டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய் நேராக ‘ஃபினிஷ்’ கொடுங்கள், பெரும்பாலும் எண்ணாக மாறிவிடும்.

மாதவாரியாகக் கேட்டால் நாள்வாரியாக வருகிறது.

தேதி ஒவ்வொரு நாளும் மாறும், ஆகவே ஒவ்வொரு நாளும் ஒரு மொத்தம் வருகிறது. உதவி நெடுவரிசையில் =இயர்(ஏ2)*100+மன்த்(ஏ2) என்று எழுதுங்கள். 2024 மார்ச்சில் உள்ள எல்லாத் தேதிகளும் 202403 ஆகும். அதன்படி வரிசைப்படுத்தி, அதை வைத்தே பிரியுங்கள். மாதத்தின் பெயரை மட்டும் எழுதிவைத்தால் இரண்டு வேறு ஆண்டுகளின் மார்ச் ஒன்றாகக் கலந்துவிடும்.

துணைமொத்தம் போட்ட பிறகு, பெரிய மொத்தம் முதலில் வருமாறு வரிசைப்படுத்த முடியுமா?

முடியும். 2 என்ற பொத்தானை அழுத்தி மடித்துவிட்டு, தொகை நெடுவரிசையில் நின்று வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொரு பிரிவும் தன் விவர வரிகளோடு சேர்ந்தே நகரும். விரிந்த நிலையில் செய்யப் போனால், துணைமொத்தங்கள் நீக்கப்படும் என்று எச்சரிக்கை வரும். அதை மதித்து ‘கேன்சல்’ கொடுங்கள்.

மொத்த வரிகளை மட்டும் நகலெடுத்தால் எல்லா வரிகளும் வந்துவிடுகின்றன.

மடித்த பிறகு தேர்ந்தெடுத்து, ஆல்ட் விசையோடு அரைப்புள்ளியை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியும் செல்கள் மட்டும் தேர்வாகும். அப்புறம் நகலெடுத்து வேறு ஷீட்டில் ஒட்டுங்கள். மொத்த வரிகளுக்கு மட்டும் தடித்த எழுத்தோ நிறமோ கொடுக்கவும் இதே வழிதான்.

எண்கள் சரிதானா என்று எப்படிச் சோதிப்பது?

ஓரமாக ஒரு காலி செல்லில் =சம்இஃப்(ஏ:ஏ, "கிழக்கு", சி:சி) என்று போட்டு, கிழக்கின் துணைமொத்தத்தோடு ஒப்பிடுங்கள். எக்செல் சேர்க்கும் மொத்த வரியில் ‘கிழக்கு டோட்டல்’ என்று பெயர் வருவதால் சம்இஃப் அந்த வரியைக் கூட்டாது. எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால் கிழக்கு எங்கேயோ இன்னொரு இடத்திலும் இருக்கிறது, மேலே உள்ள முதல் கேள்விக்குத் திரும்புங்கள். ஒரு பிரிவை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தாதீர்கள்; முதல் பிரிவு, கடைசிப் பிரிவு, நடுவில் ஒன்றாவது பார்க்க வேண்டும்.

லிப்ரேஆபிஸில் இதே பிரச்சினை வருமா?

குறைவாகவே வரும். லிப்ரேஆபிஸ் கால்க்கில் டேட்டா, சப்டோட்டல்ஸ் போனால் முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று தனித்தனித் தாவல்கள் இருக்கும். பெரிய பிரிவை முதல் தாவலிலும் சிறியதை இரண்டாம் தாவலிலும் கொடுத்தால் ஒரே ஓகேயில் அடுக்கு சரியாக அமையும். ஆப்ஷன்ஸ் தாவலில் பிரிவுகளின்படி முன்கூட்டியே வரிசைப்படுத்தும் டிக் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மட்டும் எக்செல்லில் வரும் அதே சிதறல் இங்கேயும் வரும். வெற்றிடம், எழுத்துக் குறியீடு போன்ற தரவுக் கோளாறுகள் இங்கேயும் அப்படியேதான்.

கூகுள் ஷீட்ஸில் துணைமொத்த வரிகளைத் தானாகச் செருகும் இந்தக் கட்டளை இல்லை. சப்டோட்டல் வாய்பாடு உண்டு, 9, 109 எல்லாம் அங்கேயும் அதே பொருளில்தான். கையால் போட மனமில்லாதவர்களுக்குப் பிவட் டேபிள், அதாவது பட்டியலைப் பிரிவுவாரியாகத் தானே கூட்டித் தனியாகக் காட்டும் சுருக்க அட்டவணை.

பிவட் டேபிளில் துணைமொத்தத்தின் இடத்தை எங்கே மாற்றுவது?

எக்செல்லில் பிவட்டுக்குள் நின்று டிசைன், சப்டோட்டல்ஸ் போனால் பிரிவின் மேலே, கீழே, வேண்டாம் என்று மூன்று தேர்வுகள் இருக்கும். டேபுலர் அமைப்பில் மேலே என்று கேட்டாலும் கீழேதான் வரும். மேலே வேண்டுமென்றால் அமைப்பைக் காம்பாக்ட் அல்லது அவுட்லைனுக்கு மாற்றுங்கள்.

தரவு அடிக்கடி மாறுகிறது, மாதாமாதம் இதே அறிக்கை என்றால் பிவட்டைத்தான் சொல்வேன். வரிசைப்படுத்தாத பட்டியலைக் கொடுத்தாலும் அது தானே பிரிவுகளைச் சேர்த்துக்கொள்ளும், மூலப் பட்டியலில் ஒரு வரியைக்கூடச் செருகாது. மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்களுக்கு குரூப்பை என்ற வாய்பாடும் இருக்கிறது: =குரூப்பை(ஏ2:பி100, சி2:சி100, சம், , 2) என்று எழுதினால் துணைமொத்தங்களும் பெருமொத்தமும் சேர்ந்து வரும். கடைசி எண்ணை -2 ஆக்கினால் அவை மேலே போய்விடும்.